கல்லாவடியில் செருப்பு

எங்கள் இரும்புக் கடைக்குள் செருப்போடு ஏறின மனிதர் ஒருவரும் கிடையாது. பாகூர் கடைத்தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். நடவு நேரத்தில் முழங்கால் சேறோடு வருகிற விவசாயிகூட, காலைக் கழுவாவிட்டாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் ஏறுவார். சேறு பரவாயில்லை, செருப்புதான் ஆகாது. கல்லாப் பெட்டிக்குப் பின்னால் மகாலட்சுமி படமும் என் மாமனார் படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. அந்த இரண்டு பேர் கண்ணிலும் செருப்பு படக்கூடாது என்பது என் வீட்டுக்காரரின் சட்டம்.

ஒரு தடவை பில் புத்தகம் பார்க்க வரி அதிகாரி ஒருவர் வந்தார். பளபளவென்று ஷூ. என் வீட்டுக்காரர் வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சார், எத வேணா பாருங்க. ஷூவ மட்டும் கழட்டிட்டு பாருங்க" என்றார். மனிதர் திகைத்துப் போய்க் கழற்றினார். சாக்ஸில் கட்டைவிரல் இருக்கும் இடத்தில் ஓட்டை. பாவம், அந்தக் காலை இன்னொரு காலால் மறைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் புத்தகத்தைப் புரட்டினார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பின்பக்கம் போய் பெயிண்ட் டப்பாக்களை எண்ணுகிற மாதிரி நின்றுகொண்டேன்.

கடையில் பில் போடுவது நான். பிளஸ் டூ படித்தவள் என்று கல்யாணமான மறுமாதமே பேனாவைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்கள். முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அப்போது கையால் எழுதினேன், இப்போது கம்ப்யூட்டரில் தட்டுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாதம் பிறந்து இருபதாம் தேதி நெருங்கினால் எங்கள் கடையில் ஒரு கூத்து நடக்கும். ஜிஎஸ்டி கட்டுகிற நாள். நான் போனில் பணம் அனுப்பிவிட்டு ரசீதை எடுத்து வைப்பேன். அவர் அந்தத் தாளைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், பிறகு ஆரம்பிப்பார்.

"ஏரிக்கர ரோட்ட பாத்தியாடி? வண்டி போனா பல்லு ஆட்டம் குடுக்குது. பாதி டெல்லிக்குப் போவுது, பாதி பாண்டிக்குப் போவுது. நமக்கு இன்னா வந்திச்சி?"

"நமக்கு ரசீது வந்திச்சி. ஃபைல்ல வைங்க."

"நக்கலு. நம்ப காசு எங்கதான் போவுது, சொல்லு."

"எனக்கு இன்னா தெரியும்? நானா வாங்கி முழுங்கறேன்?"

இப்படிப் புலம்புகிறாரே, வரி ஏய்க்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். "பில்லு வாணாம் மொதலாளி, அந்தக் காசக் கழிச்சிக்கினு குடுங்க" என்று யாராவது கேட்டால் போதும், முகம் சிவந்துவிடும். "பில்லு இல்லாத சாமான் திருட்டு சாமான். என் கடயில இல்ல" என்பார். ஒழுங்காகக் கட்டுவார். கட்டிவிட்டு அழுவார். எனக்கு எரிச்சலாக வரும். கட்டுகிறவர் அழாமல் கட்ட வேண்டும், அழுகிறவர் கட்டாமல் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்கிற ஆளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

இரண்டு வருடத்துக்கு முந்தின சித்திரையில் கூரைக்குப் போடுகிற தகர ஷீட் ஒரு லோடு வந்தது. நல்ல உச்சி வெயில். இறக்குகிற ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இவருக்குப் பொறுமை எங்கே இருக்கிறது? வெறுங்காலோடு வண்டியில் ஏறி, ஷீட்டுகளின் மேலேயே நின்று எண்ணி எண்ணித் தள்ளினார். அரை மணி நேரம். நான் கல்லாவிலிருந்து, "கால் பொரியலியா, எறங்குங்க" என்று கத்தினேன். "ஒண்ணியும் சுடலடி" என்றார்.

சுடவில்லைதான். அதுதான் கோளாறு. பத்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரை ஞாபகம் வந்தால் போடுவார், விருந்து என்றால் ஞாபகமே வராது. காலில் உணர்ச்சி எப்போது போனதென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு நாள் கழித்துக் காலையில் கடையைப் பெருக்கும்போது சிமெண்டுத் தரையில் ஈரமாக ஒரு கால்தடம் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. தண்ணீர் என்று நினைத்து விரலால் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. வலது பாதத்தின் அடியில், விரல்களுக்குக் கீழே, கொப்புளம் உடைந்து பெரிய ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். அவர் அதன் மேலேயே நடந்துகொண்டிருந்தார். "காட்டுங்க" என்றால் காலை இழுத்துக்கொண்டார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் நெட்டப்பாக்கத்தில் இருந்தார். இவருடைய கூடப்பிறந்த அண்ணன். அவருக்கும் இதே சர்க்கரை. முதலில் சுண்டுவிரல் போனது. "ஒரு வெரல்தான" என்றார்கள். அடுத்த வருடம் பாதம். அதற்கு அடுத்து முழங்காலுக்குக் கீழே. கரும்புத் தோட்டம் முழுக்க ஓடி ஓடி மடை திருப்பின மனிதர் இப்போது வாசலில் நாற்காலி போட்டு, போகிற பஸ்ஸை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு வந்தால் இவர் இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டார். ஆனால் தன் காலைப் பற்றி மட்டும் பேச்செடுக்க விடமாட்டார்.

பாண்டியில் ஃபீஸ் கொடுத்துப் பார்க்கிற சர்க்கரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் நல்ல மனிதர், உள்ளதை உள்ளபடி சொன்னார். புண் ஆழமாக இருக்கிறது, எலும்புவரை போகவில்லை, போனால் பாதத்தின் முன்பகுதியை எடுக்க வேண்டி வரும். தினமும் கட்டுப் போட வேண்டும், ஒருநாள்கூட விடக்கூடாது. "இதுக்காக பாகூர்லேர்ந்து டெய்லி இங்க வராதீங்க. உங்க ஊர்லயே ஹெல்த் சென்டர் இருக்கில்ல? அங்க போங்க, நல்லா பண்ணுவாங்க" என்றார்.

வெளியே வந்ததும் இவர் முகத்தைச் சுளித்தார். "ஓசி ஆஸ்பத்திரிக்கா? நம்ப யாவாரம் பண்ற குடும்பம்டி. ஓசில ஒரு வாழப்பழம் வாங்கித் தின்னுருப்பமா?"

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூட நான் பார்க்கவில்லை. "ஓசியா? மாசா மாசம் இருபதாம் தேதி ஒப்பாரி வக்கிறீங்களே, நம்ப காசு எங்க போவுதுன்னு. வாங்க, எங்க போவுதுன்னு காலக் காட்டிப் பாப்போம்" என்றேன். பக்கத்தில் கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் சிரித்துவிட்டாள். அதற்காகவே இவர் பேசாமல் பஸ் ஏறினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சுகாதார நிலையத்தில் இருந்தோம். சீட்டுப் பதிகிற இடத்தில் வரிசை. பிள்ளைத்தாய்ச்சிகள், இருமுகிற பெரியவர்கள், ஊசிக்கு முன்னாடியே அழ ஆரம்பித்துவிட்ட குழந்தைகள். எங்கள் கடை வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். "மொதலாளி, நீங்களா?" என்று ஒருவர் எழுந்து பெஞ்சில் இடம் கொடுத்தார். இவர் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு, தெரிந்தவரைப் பார்க்க வந்தவர்போல உட்கார்ந்தார்.

கட்டுப் போடுகிற சிஸ்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வில்லியனூர் பக்கத்துப் பெண், ஸ்கூட்டியில் வந்து போவாள். பேச்சு படபடவென்று இருக்கும், கை மட்டும் பஞ்சு. முதலில் இவரைக் கண்ணை மூடச் சொன்னாள். கெட்டியான நைலான் நூல் ஒன்றைப் பாதத்தில் அங்கங்கே குத்தி, "தெரியுதாண்ணா?" என்று கேட்டாள். குதிகாலில் குத்தியபோது "ஆங், தெரியுது" என்றார். மற்ற இடங்களில் அவள் குத்திக்கொண்டே இருந்தாள், இவர் "குத்தும்மா, ஏன் சும்மா நிக்கற?" என்றார். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். 

புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டி முடித்தாள். இவர் எழுந்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து, நேராகக் கத்தரிக்கோல் இருந்த தட்டில் வைத்தார்.

சிஸ்டர் பாம்பைப் பார்த்தவள்போலப் பின்னால் போனாள். "அண்ணா! இன்னா பண்றீங்க? எடுங்க மொதல்ல. யாராவது போட்டோ புடிச்சாங்கன்னா என் வேல காலி."

"லஞ்சம் இல்லம்மா. போணி. காலையில மொத ஆளு நான். மொத ஆளே சும்மா எழுந்து போனா உனக்கு அன்னிக்கு வெளங்குமா?"

கடைத்தெருக்காரனுக்கு இது சாதாரண விஷயம். காலையில் முதல் வியாபாரம் ரொக்கமாக நடக்க வேண்டும், கடன் கூடாது. இன்னொருத்தர் கடையில் முதல் ஆளாய் நுழைந்தால் ஒரு தீப்பெட்டியாவது வாங்காமல் இவர் வெளியே வரமாட்டார். ஆஸ்பத்திரியிலும் அதையே செய்திருக்கிறார். சிஸ்டருக்குப் புரிந்ததும் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு போணியே ஆவக்கூடாதுண்ணா. நான் ஈ ஓட்னாதான் ஊருக்கு நல்லது" என்றாள். இவர் நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் அன்று முழுக்க எதையோ தொலைத்தவர் மாதிரி இருந்தார்.

தினமும் போனோம். அவருக்கு அங்கே எல்லாவற்றின் விலையும் வேண்டும். பஞ்சு ரோல் என்ன விலை, மருந்து டியூப் என்ன விலை. அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு, "இத கடயில வாங்கனா சட்டய உருவிடுவான்" என்று என் காதில் சொல்லுவார். அங்கே இருந்த டாக்டரம்மா சர்க்கரைக்கு ஊசி எழுதினார்கள், மாத்திரையை மாற்றினார்கள். நான் இப்போது கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை கொடுத்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. புண் மட்டும் ஆறவில்லை. ஓரத்தில் சிவப்பாகத் தோல் கட்டும், மறுநாள் பார்த்தால் திரும்பவும் ஈரம்.

ஐந்தாவது வாரம் சிஸ்டர் கட்டைப் பிரித்துக்கொண்டே முகம் மாறினாள். "அண்ணா, நான் வெள்ளயா கட்டி அனுப்பறேன், நீங்க கருப்பா எடுத்துக்கினு வர்றீங்க. இன்னா இது?" கட்டின் அடிப்பக்கம் இரும்புத் தூசும் கிரீஸும் அப்பியிருந்தது. இவர் சுவரைப் பார்த்தார். நானும் சுவரைப் பார்த்தேன். முப்பது வருடமாக வெறுங்காலைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அது தப்பாகவே தோன்றவில்லை. அதை இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் விடவில்லை. அந்த வாரம் தெருத் தெருவாகப் பிரஷர் பார்க்க வந்தவள், பையோடு எங்கள் கடை வாசலில் வந்து நின்றாள். தன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினாள். ஏறினவள் பார்த்தது, பைப் கட்டைத் தூக்கிக்கொண்டு வெறுங்கட்டோடு நடக்கிற என் வீட்டுக்காரரை. கடையில் அப்போது நாலு பேர் இருந்தார்கள்.

"நல்லா இருக்குண்ணா! நான் அங்க கட்றேன், நீங்க இங்க அவுக்கறீங்க. ஒரு நாளைக்கு எத்தினி மணி நேரம் இப்பிடி நிக்கறீங்க?"

"பத்து, பன்னண்டு" என்றேன் நான், இவர் முறைப்பதைப் பார்க்காமல்.

"இனிமே செருப்பு இல்லாம ஒரு அடி வக்கக்கூடாது. கடயிலயும்தான்."

நாலு பேரும் இவரைப் பார்த்தார்கள். இவர் சொன்னார்: "கடயில செருப்பு போடறதில்லம்மா."

"ஏன்?"

"லட்சுமி இருக்குது. எங்கப்பா இருக்காரு." கையைப் படங்களின் பக்கம் நீட்டினார். அவள் அண்ணாந்து பார்த்தாள், சண்டை போடவில்லை. "நாளைக்கு வாங்கண்ணா, டாக்டர் பேசுவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

டாக்டரம்மா அதிகம் பேசவில்லை. இன்னும் மூன்று வாரம் பார்ப்போம், மூடவில்லை என்றால் பாண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், எக்ஸ்ரேயில் எலும்பு கெட்டிருந்தால் முன்பாதத்தை எடுக்கச் சொல்வார்கள் என்றார்கள். அதோடு, சர்க்கரைக் காலுக்கென்று வந்திருக்கிற செருப்பு ஒரு ஜோடி கொடுக்கச் சொன்னார்கள்.

சிஸ்டர் காகிதத்தில் கால் அளவு வரைந்து, இரண்டு நாளில் எடுத்து வந்தாள். கருப்பாக, கனமாக, பின்னால் வார் வைத்தது. அடியில் கெட்டி ரப்பர், உள்ளே இட்லி மாதிரி மெத்தென்று ஒரு ரப்பர்.

"இது பெருவியாதிக்காரங்க போடறதுதான?" என்றார் இவர்.

"காலுல உணர்ச்சி இல்லாதவங்க போடறதுண்ணா. இந்த நோட்டுல கையெழுத்து போடுங்க."

"இன்னா வெல?"

"வெல இல்லண்ணா."

"வெல இல்லாத சாமான் இருக்குதாம்மா எங்கயாவது?"

கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து போட்டுக்கொண்டே வந்தார். எனக்கு மனசு நிறைந்திருந்தது, கடை வாசல் வருகிறவரைக்கும். வாசலில் வாடிக்கைக்காரர்களின் செருப்பெல்லாம் கிடக்கிற இடத்தில் அதையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறிப் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டை பக்கத்து உரக்கடைக்குக் கேட்டது. நான் அண்ணனைச் சொன்னேன். நெட்டப்பாக்கத்து நாற்காலியைச் சொன்னேன். அழுதேன்கூட. எல்லாம் கேட்டுவிட்டு இவர் மெதுவாகச் சொன்னார்: "காலு போனா ஒக்காந்துக்கினு யாவாரம் பாப்பேன். லட்சுமி போனா இன்னாடி பண்ணுவேன்?"

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே பயம். ஒரு கூடை ஆணியைத் தெருவில் விற்று ஆரம்பித்த என் மாமனார், வாசலில் செருப்பை விட்டு ஏறி ஏறித்தான் இந்தக் கடையை உண்டாக்கினார் என்று அவர் நம்புகிறார். அந்தப் பயத்தைத் திட்டி விரட்ட முடியாது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபம் போய்க் கவலை வந்து உட்கார்ந்தது. மூன்று வாரத்தில் ஒரு வாரம் அப்படியே போயிற்று. செருப்பு வாசலில் கிடந்தது. புண் ஈரமாகவே இருந்தது.

இருபதாம் தேதி வந்தது. போனில் வரியைக் கட்டி, ரசீதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வழக்கப்படி பெருமூச்சு விட்டார். "நம்ப காசு..." என்று ஆரம்பித்தார். அவர் ஆரம்பிக்கும்போதே எனக்குப் பொறி தட்டியது.

"இருங்க. இந்தக் காசு எந்தக் கல்லாவுலேர்ந்து போச்சி?"

"இன்னா கேள்வி இது? நம்ப கல்லாதான்."

"மகாலட்சுமிதான அது?"

"ஆமா."

"பாதி பாண்டிக்குப் போவுதா இல்லியா? நீங்கதான சொல்லுவீங்க?"

"போவுது. அதுக்கு?"

"பாண்டிக்குப் போன லட்சுமி இன்னா ஆனா? அந்தக் காசுலதான மருந்து வாங்கறாங்க, பஞ்சு வாங்கறாங்க, சிஸ்டருக்கு சம்பளம் குடுக்கறாங்க. உங்க செருப்பு மட்டும் ஆகாசத்துலேர்ந்தா வந்திச்சி?" எனக்கு மூச்சு வாங்கியது. "நம்ப கல்லாவ வுட்டுக் கெளம்புன லட்சுமி ஊரெல்லாம் சுத்திட்டு, உங்க காலுக்கு இன்னா வேணும்னு பாத்து, செருப்பா திரும்பி வந்திருக்கா. உள்ள கூப்புடாம வாசல்ல ஊராங்க செருப்போட நிக்க வச்சிருக்கீங்க. ஒரு வாரமா நிக்கிறா. உங்கப்பா இருந்தா இதப் பாத்துக்கினு சும்மா இருப்பாரா?"

அவர் ரசீதை எடுத்து ஒரு தடவை பார்த்தார். எழுந்து வாசல்வரை போனார், செருப்பைப் பார்த்தார், திரும்பி வந்தார். அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் வியாபாரத்தில் கவனம் இல்லை. கேட் வால்வு கேட்டவருக்குக் கதவுக் கீல் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் கொஞ்சம் தாமதமாகக் கடைக்குப் போனேன். ஊதுவத்தி வாசனை தெருவுக்கே வந்தது. உள்ளே பார்த்தால், செருப்பு இரண்டையும் கழுவித் துடைத்து, வாரில் சந்தனம் வைத்து, குங்குமப் பொட்டும் வைத்து, கல்லாவுக்கு முன்னால் ஒரு புதுத் துண்டின் மேல் வைத்திருக்கிறார். அதற்கு முந்தின வருடம் புதுத் தராசு வாங்கினபோது இப்படித்தான் செய்தார். பில் மெஷினுக்கும் இதே மரியாதைதான். கற்பூரம் காட்டிவிட்டு, படங்களைப் பார்த்துக் கும்பிட்டு, வலது காலை முதலில் நுழைத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. என்னைப் பார்த்ததும், "இன்னா பாக்கற? நம்ப சாமான்தான்" என்றார்.

அன்றைக்குக் கட்டுப் போடும்போது சிஸ்டரிடம் நான் முழுக் கதையையும் சொன்னேன். அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. இவர் கணக்கில் அந்தச் செருப்பு கடைக்குள் மட்டும்தானாம், தெரு அழுக்கை மிதிக்கக்கூடாதாம். வெளியே நடக்க? "அதுக்கு வேற ஒண்ணு வாங்கிக்கறேம்மா, காசு குட்த்து" என்றார். வாங்கினார். பில்லும் கேட்டு வாங்கினார். கடைத்தெருவில் கேலி பேசினார்கள்தான். "மொதலாளி, நாங்களும் பொட்டு வச்சிக்கினு ஏறலாமா?" என்று ஒருவர் கேட்டார். "உனக்கு சர்க்கர வரட்டும், ஏறு" என்றார் இவர்.

அடுத்த இரண்டு வாரத்தில் புண்ணின் ஓரம் உள்ளே வந்தது. கட்டு வெள்ளையாகவே திரும்பிப் போனது. டாக்டரம்மா குனிந்து பார்த்து, "எழுதித் தர வேண்டாம், இப்படியே போகட்டும்" என்றார்கள். அன்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன், அத்தனை சந்தோஷம். ஆடி முடிவதற்குள் தோல் மூடிவிட்டது.

இப்போதும் மாதம் ஒரு தடவை சர்க்கரைக்கு ரத்தம் பார்க்கப் போகிறோம். இருபதாம் தேதி ஒப்பாரி நின்றுவிடவில்லை. ஆனால் பாட்டு மாறிவிட்டது. "அந்த டிரெஸ்ஸிங் ரூம்ல ஸ்டூலு ஆடுதுடி. நம்ப காசு போவுதில்ல? ஒரு ஸ்குரூ முடுக்க ஆளில்லியா?" என்பார். அடுத்த தடவை வேட்டி மடிப்பில் ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு போய் முடுக்கிவிட்டே வந்தார். சொந்தக் கடையைச் சுற்றிப் பார்ப்பதுபோல ஜன்னல் கொக்கி, குழாய் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்ப்பார். சிஸ்டர், "அண்ணா, நீங்க பேஷண்டா, மேஸ்திரியா?" என்று கேட்பாள்.

போன மாசியில் ஒரு மத்தியானம். சாப்பாட்டுக்குப் பிறகு கடை ஓய்வாக இருந்தது. அவர் சிமெண்டு மூட்டை மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு எதிரில் அந்த வலது செருப்பின் அடிப்பக்கம். அதில் என்னவோ பளிச்சென்றது. கிட்டே போய்ப் பார்த்தேன். ஆணியின் தலை. தேய்ந்து பளபளப்பாக இருந்தது, ரொம்ப நேரம் அதோடு நடந்திருக்கிறார்.

எனக்கு உயிரே இல்லை. காலிலிருந்து செருப்பைக் கழற்றினேன். குறடை எடுத்து ஆணியைப் பிடித்து இழுத்தேன். விறைப்பாக வந்தது, ஒரு இன்ச் நீளம், சாய்வாக ஏறியிருந்தது. செருப்புக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். மேல் ரப்பர் வழவழவென்றிருந்தது. ஆணி மெத்தைவரைக்கும் வந்து அங்கேயே நின்றிருந்தது. அவர் பாதத்தை என் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பழைய தழும்பு, விரல் இடுக்கு, குதிகால் என்று ஒவ்வொரு இடமாக வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

"எப்ப ஏறிச்சி?" என்றேன்.

"தெரியலியேடி" என்றார். ஆணியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதேன். பாவி மனுஷா, குருட்டுக் கால வச்சிக்கினு ஆணிக் கடையில நடக்கிறியே என்று வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். நீங்க என்று சொல்லக்கூட மறந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்து ஒரு விவசாயி வாசலில் வந்து நின்று, "மொதலாளி, ஒண்ணே கால் இன்ச்சி பைப்பு எல்போ ரெண்டு" என்றார்.

வாடிக்கைக்காரர் வந்தால் வாயில் இருக்கிற சோற்றை விட்டு எழுந்திருக்கிற மனிதர் இவர்.

"செத்த இருப்பா. அது என் காலப் பாத்துக்கினு இருக்குது" என்றார், என் மடியிலிருந்து காலை எடுக்காமல்.